பூஜ்யம் புள்ளி நாலு

ஜூன் 9, திங்கள்

லேபுக்கு ரீஏஜென்ட் என்கிற ரசாயனம் விற்கிற கம்பெனி ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்று டாக்டர் கிருபா புண்ணியத்தில் கீழே இறங்கியிருக்கிறது.

உலகம்மாளுக்குப் புது மருந்து ஆரம்பித்தாயிற்று. மாதம் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். முடக்குவாதம் வந்து ஆறு வருஷத்தில் இது நாலாவது மருந்து. "தினம் உடம்பு எப்படி இருக்குன்னு ரெண்டு வரி எழுதி வைங்கம்மா. என்ன தோணுதோ அப்படியே எழுதுங்க" என்றார் டாக்டர். உலகுவால் பேனா பிடிக்க முடியாது. விரல் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அதனால் அவள் சொல்ல, நான் எழுத என்று ஏற்பாடு. நான் அவள் புருஷன் ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன். டைரியை ஆஸ்பத்திரியில் வாங்கிப் பார்ப்பார்களாம், யார் கையெழுத்து என்று தெரிய வேண்டாமா.

டாக்டர் நன்றாகவே விளக்கினார். ரத்தத்து வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாம். வாய் கிடையாது. சைட்டோகைன் என்று சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விடும், அதுதான் பேச்சு. கிருமி வந்தால் 'எல்லாரும் இங்க வாங்க, வீங்குங்க, சூடேத்துங்க' என்று ஒரு சேதி. வேலை முடிந்தால் 'போதும், கலைஞ்சு போங்க' என்று இன்னொரு சேதி. உலகுவின் மூட்டுகளில் கிருமியே இல்லாமல் முதல் சேதி ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது, இரண்டாவது எடுபடவில்லை. முதல் வகையில் பெரிய வாய்க்காரன் இன்டர்லூக்கின் ஆறு. இந்த மருந்து அந்தச் சேதியை வாங்குகிற இடத்தைப் போய் அடைத்துவிடும்.

இவ்வளவு கேட்டேன். அதற்குள் லேபிலிருந்து போன், மெஷினைச் சரிபார்க்க ஓட்டுகிற கன்ட்ரோல் ரத்தம் தப்பாகக் காட்டுகிறதாம். வெளியே போய்க் கத்திவிட்டு வந்தபோது டாக்டர் பேசி முடித்து எழுந்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது உலகு, "நீங்க வெளிய போனப்ப டாக்டரம்மா முக்கியமா ஒண்ணு சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாததாட்டி? இருபத்திரண்டு வருஷமா இதத்தான பாக்கேன்" என்றேன். சரி என்று விட்டுவிட்டாள்.

மருந்துக்கு முன் சி.ஆர்.பி. 68. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்: உடம்பில் எங்காவது வீக்கமோ கிருமியோ இருந்தால் கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதம் அது. ஆறுக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் காலையில் நானே ரத்தம் எடுத்து லேபில் ஓட்டிப் பார்ப்பதாக முடிவு. முதலாளிக்குத் தெரியும், முனகினார், தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

சி.ஆர்.பி. 11. மெஷின் மேல் சந்தேகம் வந்து மறுபடி ஓட்டினேன். 11.

ஜூன் 22, ஞாயிறு

சி.ஆர்.பி. 2. ஆறு வருஷத்தில் ஒற்றை இலக்கத்தை இன்றுதான் பார்க்கிறேன். லேபில் தனியாக நின்று சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் உலகு அடுப்படிக் குழாயை அவளே இறுக்கி மூடியிருக்கிறாள். நாலு தடவை திறந்து மூடிக் காட்டினாள். தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட்டேன். "போடட்டும், போடட்டும்" என்று குழாயிடம் சொன்னாள்.

ஜூலை 7, திங்கள்

இரண்டாவது தடவை ஏற்றியாயிற்று. டாக்டர் கிருபா ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறார். சிஸ்டர் ஒரு காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள். காய்ச்சல், இருமல், பல் வலி, வயிற்று வலி. எல்லாவற்றுக்கும் இல்லை. நேற்று சி.ஆர்.பி. 0.6.

ஜூலை 13, ஞாயிறு

சி.ஆர்.பி. 0.5.

உலகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஆரி எம்பிராய்டரி போடுகிற சட்டத்தை இழுத்துவிட்டாள். நாலு வருஷமாக அதன் மேல் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. துணியை இழுத்துக் கட்டி, ஆரி ஊசியைப் பிடித்து, ஒரு கொடி போட்டாள். கோணல். பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். அடுத்த தெரு வடிவாள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், ஜாக்கெட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தானாகவே போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கை முழுக்க மயில், முதுகில் மணி வேலை.

"ஒத்துக்கிட்டுத் திணறாதட்டி" என்றேன்.

"திணறுனா ஒங்க மூஞ்சில முழிக்கமாட்டேன், போதுமா" என்றாள். முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் இருந்த முகம். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

சி.ஆர்.பி. 0.5. மொத்த வெள்ளை அணுக்கள் 4,600. மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்று தேங்காய்ப்பால் எடுத்து நானே சொதி வைத்தேன். இஞ்சிப் பச்சடியும் உண்டு. உலகு ரெண்டு கரண்டி விட்டுப் பிசைந்து பாதியில் வைத்துவிட்டாள். மனுஷன் மெனக்கெட்டுச் செய்தால் இதுதான் மரியாதை. கேட்டால், "வயிறு மந்தமா இருக்கு" என்கிறாள். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்தால் மந்தம் வராமல் என்ன வரும்.

ஜூலை 30, புதன்

மயில் ஒரு கை முடிந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சி.ஆர்.பி. 0.5. ஒரே சீராக நிற்கிறது.

சட்டத்தின் காலுக்கு அடியில் ரெண்டு செங்கல் வைத்து உயர்த்தித் தரச் சொன்னாள். குனிந்தால் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு உள்ளே, ஏதோ பிடிக்கிறதாம். "கேஸ்" என்றேன். "கேஸ் நடமாடும்ல, இது ஒரே எடத்துல நிக்கி" என்றாள். ரிப்போர்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். உள்ளே எதுவும் இருந்தால் இது இப்படி இருக்குமா என்று கேட்டேன். ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரிதான்" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாவது தடவை. அதே சிஸ்டர், அதே காகிதம். "காய்ச்சல்? வயித்து வலி?" என்று அவள் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், நேத்துதான் ரத்தம் பாத்தேன், எல்லாம் நார்மல்" என்று நானே சொல்லிவிட்டேன். உலகு வாயைத் திறந்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு மூடிவிட்டாள்.

மருந்து நன்றாக ஏறியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. படுத்திருக்கிறாள். முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தால் சுகமாக இருக்கிறதாம். மலச்சிக்கல். விளக்கெண்ணெய் கொடுத்தேன். காய்ச்சல் பார்த்தேன், இல்லவே இல்லை, 97.

எனக்குத்தான் ஏனோ இரண்டு நாளாக நெஞ்சு படபடக்கிறது. காப்பியைக் குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சி.ஆர்.பி. 0.4.

இரண்டு தடவை ஓட்டினேன். கன்ட்ரோலும் ஓட்டினேன், சரியாக இருக்கிறது. ஒரு நிமோனியா நோயாளியின் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன், 140 காட்டுகிறது. மெஷினில் குறையே இல்லை. பிறகு ஏன் இத்தனை தடவை ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் உலகு, "ஏங்க, டாக்டரம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வருவமா" என்றாள்.

"என்னன்னு சொல்லிப் பாக்க? ரிசல்ட் இப்படி இருக்க, சும்மா போய் நின்னா சிரிப்பாங்க. வலின்னு ஏதாவது ஒளறிவச்சா மருந்த நிறுத்திருவாங்க. பொறவு பழையபடி குழாயத் திறக்க என்னக் கூப்பிடணும், பாத்துக்க" என்றேன்.

ஆரிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, ஜாக்கெட் வேற முடியல" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரை இட்லி. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாமல் தளர்த்திக் கட்டுகிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் உலகு தரையில் சுருண்டு கிடந்தாள். வயிறு பலகை மாதிரி இருந்தது. வேர்வை வழிந்தது, கை கால் சில்லென்றிருந்தது. "ஏங்க, என்னமோ உள்ள பிஞ்சுட்டு" என்றாள். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் இடது பக்கத்தில் ஓட்டை விழுந்து, சீழும் மலமும் வயிற்றுக்குள் பரவியிருக்கிறது. பத்து நாளாவது உள்ளே புண் இருந்திருக்கும் என்றார் சர்ஜன். எட்டே முக்காலுக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது மணி பதினொன்று. இன்னும் வெளியே வரவில்லை.

"காய்ச்சலே இல்லையா? ரத்தத்துல ஒண்ணுமே தெரியலையா?" என்று சர்ஜன் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். பொய் இல்லை.

முருகா, அவளை விட்டுவிடு. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

ஆகஸ்ட் 14, மதியம்

வெளியே வந்தாள். உயிர் இருக்கிறது. குடலை ஒரு அடி வெட்டி எடுத்துவிட்டார்கள். மலம் போக வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டியிருக்கிறது. மூச்சுக்கு மெஷின். எழுபத்திரண்டு மணி நேரம் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

டாக்டர் கிருபா லீவு நாளிலும் வந்தார். உள்ளே போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டைரியைக் கேட்டார். கொடுத்தேன். அதில் இருக்கிற நம்பர்களைப் பார்த்தால் என் மேல் தப்பில்லை என்று புரியும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

அவர் நம்பர்களைப் பார்க்கவே இல்லை. விரலை ஓட்டிக்கொண்டே போனார். "ஜூலை இருபத்தேழு, சொதி பாதி" என்றார். "மூணாந்தேதி செங்கல். எட்டாந்தேதி காலை மடக்கிப் படுத்திருக்காங்க. பன்னெண்டு, நாடா தளர்த்தி." பக்கத்தை மூடினார். "எல்லாமே இருக்கு நயினார் சார். நம்பர நீங்க கட்டம் கட்டி எழுதியிருக்கீங்க. வியாதிய ஓரத்துல எழுதியிருக்கீங்க."

"சி.ஆர்.பி. ஏன் ஏறல டாக்டர்? மெஷின் கரெக்டா இருக்கு. நான் மூணு தடவ பாத்தேன்."

"ஏறாது. கல்லீரலா நெனச்சு சி.ஆர்.பி. செய்யாது. இன்டர்லூக்கின் ஆறு வந்து சொன்னாத்தான் செய்யும். நாமதான் மருந்து குடுத்து அது காத அடைச்சாச்சே. காய்ச்சலும் அதே சேதிலதான் வரணும், அதுவும் வராது. குடல்ல புண்ணு வந்தப்ப அணுக்கள் சேதி அனுப்பாம இல்ல. இந்த மருந்து போட்டா ரத்தத்துல அந்தச் சேதி முன்னைவிட அதிகமாவே ஓடும். கேக்க ஆள்தான் இல்ல." டைரியை என் மடியில் வைத்தார். "இத மொத நாளே சொன்னேனே. ரத்தத்த நம்பாதீங்க, வயித்துல சின்ன வலின்னாலும் அன்னைக்கே வாங்கன்னு. ஒங்க வீட்டம்மா தலையாட்டினாங்க. நீங்க அப்ப வெளிய..."

"போன் பேசிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சிஸ்டர் அந்தக் காகிதத்தில் இருப்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும், அது எங்கள் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. எடுக்க ரத்தம் இல்லை. கை சும்மா இருக்கிறது.

நேற்று எழுத உட்கார்ந்து எழுதவில்லை. பதினாலாம் தேதி எழுதியதை இன்று வாசித்தேன். ஆறு மணிக்கு விழுந்தாள், ஏழு மணிக்குச் சேர்த்தோம் என்று எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். வாசிக்கிற எவனும் கேட்பான். டாக்டர் கிருபா அந்தப் பக்கத்தையும் பார்த்தார், கேட்கவில்லை.

எழுதிவிடுகிறேன். உலகு தரையில் கிடந்தபோது நான் முதலில் செய்தது, சிரிஞ்சு டப்பாவை எடுத்தது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன், நரம்பு கிடைக்கவில்லை, ரெண்டு தடவை குத்தினேன். ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் லேபுக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கி, மெஷினைப் போட்டு, சூடாகும் வரை நின்றேன். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவள் அடுப்படித் தரையில் கிடந்தாள்.

பூஜ்யம் புள்ளி நாலு.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் எதையும் எழுதிவிட முடியாது. வீட்டுக்கு வந்து, நீலம் பாரித்த அவள் உதட்டைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள். கண் திறந்தாள். பேசவில்லை. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று பேசினாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டுச்சு. ரத்தம் எடுத்தாலும் ஆட்டோ பிடிக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன். வருவீங்க வருவீங்கன்னு கடை ஷட்டர் தூக்குற சத்தம், பால்காரன் சத்தம் எல்லாம் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சிரு என்று சொன்னேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு.

"நானும் சொல்லலல்லா" என்றாள். "டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. வலிக்குன்னு சொன்னா மருந்த நிறுத்திருவாங்களேன்னு ஒரு பயம். கை நல்லா வந்துட்டு, ஒரு ஜாக்கெட்ட முடிச்சிருவோம்னு. நீங்க அந்தப் பேப்பரக் காட்டுனதும், சரி, இவுக படிச்சவுக, நம்ம மனசுதான் கோளாறுன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா கேட்டேன்ல நான். பத்தாந்தேதி. போவமான்னு கேட்டேன்ல."

"கேட்ட."

"அத எழுதுனீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"பரவாயில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீடு. வடிவாள் மகள் கல்யாணம் முந்தாநாள் முடிந்துவிட்டது. வேறு ஆள் அவசரத்துக்கு ஜாக்கெட்டை முடித்துக் கொடுத்ததாம். ஒரு கையில் உலகு போட்ட மயில், மறு கையில் வேறு மயில், ரெண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றது என்று வடிவாளே வந்து சொன்னாள். உலகு சிரிக்கப் போய், தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பை மாற்றக் கற்றுக்கொண்டேன். நாலைந்து மாதத்தில் குடலைச் சேர்த்து மூடிவிடலாம் என்கிறார் சர்ஜன்.

செப்டம்பர் 15, திங்கள்

மருந்தை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. விரல்கள் மறுபடி வீங்கத் தொடங்கிவிட்டன. குழாயை நான்தான் மூடுகிறேன். ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் பார்த்தார்கள், சி.ஆர்.பி. 41. கல்லீரலுக்குக் காது கேட்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர் கிருபா. வயிறு முழுக்க ஆறிய பிறகு, வேறு சேதியைப் பிடிக்கிற வேறு மருந்தைப் பார்க்கலாமாம். எப்போது என்று சொல்லவில்லை. உலகு கேட்டுக்கொண்டு வந்தாள், ஆட்டோவில் கையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "டைரிய எடுங்க, நான் சொல்லுதேன், அப்படியே எழுதணும். ஒங்க சரக்கு எதையும் சேர்க்கப்படாது" என்றாள். எடுத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஏழரை. உலகு சொல்வது:

"ராத்திரி நல்லாத் தூங்குனேன். விரல் காலைல மடங்கல, பத்து நிமிசம் வெந்நீர்ல வச்ச பொறவு மடங்குச்சு. ரெண்டு இட்லி சாப்பிட்டேன். சட்னில உப்பு இல்ல, அதையும் எழுதுங்க. இடது பக்கம், பைக்குக் கீழ, லேசாப் பிடிக்கி. நேத்து இல்ல. தையலாத்தான் இருக்கும்னு நெனைக்கேன்."

'நெனைக்கேன்' என்பதை அழுத்திச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். எழுந்து சட்டையை மாட்டினேன்.

அவள் வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முழங்கை மடிப்பு மேலே பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நீட்டுகிற மாதிரியே.

"ரத்தம் எடுக்கலையா?" என்றாள்.

"நீ சொல்லிட்டல்லா. கிளம்பு" என்றேன்.

ஆட்டோ வாசலில் நிற்கிறது. அவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் இவ்வளவும் எழுதினேன்.